எழுபத்தைந்து படி நெல்லும் ஒரு பேஸ் பெட்டியும்

ஸ்பீக்கரின் மேல் ஒரு பிடி பொரி குதித்துக்கொண்டிருந்தது.

கடலூர் ஓ.டி.யில் எங்கள் மைக் செட் கடை. கடையின் நடுவில் புதுப் பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார் எங்கள் வீட்டுக்காரர். பதினைந்து இஞ்சு ஸ்பீக்கர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதற்குக் கீழே இரண்டு ஓட்டை, ஓட்டைக்கு உள்ளே குழாய், காற்று போய்வர.

செல்போனில் சத்தத்தின் எண்ணைக் காட்டும் கோட்டில் ஒரு விரலை வைத்து மெல்ல இறக்கினார்; எண் இறங்க இறங்கச் சத்தம் தடிக்கும். சினைமாடு முனகுகிற மாதிரி ஒரே சத்தம். விரல் போகப் போகச் சத்தம் தடித்துக்கொண்டே வந்தது. அதற்குத் தக்கபடி பொரி குதித்தது.

"நல்லா பாரு. நாப்பதுல வந்து நின்னா பொரி குதிக்காம உட்காரணும். காத்தெல்லாம் ஓட்டை வழியா வரணும். அப்பதான் பெட்டி கணக்கா இருக்குதுன்னு அர்த்தம்."

நாற்பது வந்தது. பொரி குதித்தது. முப்பத்தெட்டு வந்தது. அப்போதும் குதித்தது. முப்பத்தாறுக்கு வந்ததும் வாத்தியார் உள்ளே வந்த வகுப்பு மாதிரி அத்தனை பொரியும் அடங்கி உட்கார்ந்தது. ஓட்டையிலிருந்து வந்த காற்றில் என் முந்தானை மட்டும் ஆடியது.

"நாலு தள்ளிப் போயிடுச்சி," என்றார்.

"தள்ளிப் போனா என்னா?"

ஒரு தவில் பாட்டைப் போட்டுக் காட்டினார். ஈரச் சாக்கைத் தடியால் அடிக்கிற மாதிரி இருந்தது.

தம்பி மகள் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

"உன் தம்பி பெட்டியைப் பெருசா அடிச்சிட்டான். கேளு," என்றார்.

சிதம்பரத்துக்குப் போன் போட்டேன். "யக்கா, பெட்டி நீ அளந்து கொடுத்த அளவு. மாமாதான் குழாய நீளமா வெட்டியிருப்பாரு. சொல்லு அவருகிட்ட," என்றான் தம்பி.

சொன்னேன். அவர் அதற்கு ஒன்று சொன்னார். அதையும் இவனுக்குச் சொன்னேன். ஐந்து வருஷமாக எனக்கு இந்த வேலைதான். போனைக் காதில் வைத்து வைத்து ஒரு பக்கக் காது மடலே சப்பையாகிவிட்டது.

ஆனால் ஒன்று. பெட்டி தப்பு, குழாய் தப்பு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்களே தவிர, அளவு தப்பு என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. சொல்ல முடியாது. அளந்தது நான்.

நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியூர் செட்டா

என் தம்பி பெயர் கலியபெருமாள். சிதம்பரத்தில் வண்டிகேட் பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கிறான். எங்களுடையது நிலம் நீச்சு என்று இருந்த குடும்பம். புவனகிரிப் பக்கத்தில் இன்றைக்கும் கொஞ்சம் நெல் வருகிறது. எங்களில் உளி பிடித்த முதல் ஆள் அவன்தான். நிலையும் கதவும் கட்டிலும் அவன் கையில் வந்தால் முப்பது வருஷத்துக்குக் கிரீச்சென்று ஒரு சத்தம் வராது.

அவன் மகள் பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயதார்த்தத்துக்கு நான் நான்கு நாள் முன்னதாகவே போய் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தேன். பவித்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உடைந்த முறுக்காகப் பார்த்துத் தின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"அத்தை, கல்யாணத்துக்குப் புதுச்சேரியிலேருந்து செட்டு சொல்லலாம்னு அப்பா சொல்றாரு."

"ஏன், உங்க மாமா செட்டு என்னா ஆச்சி?"

"கோவிச்சிக்காதீங்க. மாமா செட்டுல பாட்டு கேக்குது. பேஸ் இல்ல அத்தை. பேஸ்னா நெஞ்சுல வந்து இடிக்கணும். என்கூட படிச்சவங்கள்லாம் வருவாங்க. கேலி பண்ணுவாங்க."

எனக்கு எண்ணெயில் கை பட்ட மாதிரி இருந்தது. நாற்பது வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறோம். எங்கள் கூம்பு ஹாரன் கட்டாத தெரு மஞ்சக்குப்பத்திலும் இல்லை, பாதிரிப்புலியூரிலும் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அப்படியிருந்தும் எந்த ஒயர் எந்தப் பெட்டிக்கு என்று இருட்டில் தடவிச் சொல்வேன். சொந்த அத்தை வீட்டில் செட் இருக்க, தம்பி மகள் கல்யாணத்தில் வெளியூர் வண்டி வந்து இறங்கினால் முன்வரிசையில் நான் எந்த முகத்தோடு உட்காருவது? கேலி பண்ணப்போவது அவள் கூடப் படித்தவர்களா, என் ஓரகத்திகளா?

எழுந்து பட்டறைக்குப் போனேன்.

"கலியா, புதுச்சேரிக்கு வாக்கு கொடுக்காத. நெஞ்சுல இடிக்கிற பெட்டி ஒண்ணு செஞ்சி நம்ம செட்டே வரும்."

"யாருக்கா செய்யறது?"

"நீதான். மரவேலை தெரிஞ்சவன் வேற யாரு?"

"கணக்கு வேணுமே. அது சும்மா பலகை அடிக்கிற வேலை இல்ல."

"கணக்கு உங்க மாமா சொல்லுவாரு."

இழைப்புளியைக் கீழே வைத்தான். "அவருகூட நான் பேசறதில்லையே."

"நான் பேசறேன். உனக்கு என்னா?"

கொஞ்ச நேரம் மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தான். "சரி. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி போட்டுக் காட்டு. தொளதொளன்னு இருந்தா நான் புதுச்சேரிக்கு சொல்லிடுவேன். அப்புறம் அழக்கூடாது."

நான் எப்போது அழுதேன்?

செட்டை அணைத்தவன்

ஏன் பேசுவதில்லை என்று கேட்பீர்கள். சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

கலியபெருமாள் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். மச்சான் வீட்டு விசேஷம் என்று எங்கள் வீட்டுக்காரர் இரண்டு ஹாரன் கொண்டுபோய் மாடியில் கட்டினார். ஒன்று தெருவைப் பார்த்து, ஒன்று பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து. பக்கத்து வீட்டில் ஒரு பையன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா வந்து கலியனிடம் கத்தினார். கலியன் மாடி ஏறி வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், பந்தி நடக்கும்போது, அத்தனை சொந்தக்காரர் முன்னாலும் சுவிட்சை அணைத்துவிட்டான்.

பாட்டு பாதியில் நின்றது. அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

மைக் செட்காரரை அடித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். செட்டை அணைத்தால் பொறுக்க மாட்டார். சாப்பிடாமல் ஹாரனை அவிழ்த்தார். "அந்த நெட்ட ஹாரனத் திருப்பி வைங்க மாமான்னு ஒரு வார்த்தை சொன்னா திருப்ப மாட்டனா?" என்று கடலூர் வருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தார். இவனைக் கேட்டால், "அந்தச் சத்தத்துல நான் சொன்னா அவருக்கு எப்படிக்கா கேக்கும்?" என்றான். இரண்டும் நியாயம்தான். நியாயமாக இருக்கிற சண்டைதான் தீரவே தீராது.

அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்கு ஒரே வீட்டில் நின்றாலும், ஆளுக்கொரு தூணைப் பார்த்து நிற்பார்கள். "உங்க வீட்டுக்காரருக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்று இவன் சொல்வான். காப்பியை அவர் கையிலேயே கொடுத்துக்கொண்டு சொல்வான்.

பாட்டில் வாயில் ஊதுகிற கணக்கு

வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது முதலில் முகத்தைத் திருப்பினார். அப்புறம் கணக்குப் போடப் பேப்பரை எடுத்தார். அவருக்கும் ரொம்ப நாளாக உள்ளே ஆசை இருந்திருக்கிறது. ஹாரனை யாரும் கேட்பதில்லை என்று அவருக்குத் தெரியாதா?

பெட்டியில் எதற்கு ஓட்டை என்று கேட்டேன். பொத்தலான பெட்டியைப் போய் யாராவது கேட்டு வாங்குவார்களா?

"சோடா பாட்டில் வாயில ஊதியிருக்கியா? ஊன்னு ஒரு சத்தம் வருமில்ல. பெரிய பாட்டிலா இருந்தா சத்தம் தடிக்கும். கழுத்து நீளமா இருந்தா இன்னும் தடிக்கும். பெட்டிதான் பாட்டிலு. குழாய்தான் கழுத்து. ஸ்பீக்கரு உள்ளேயிருந்து ஊதும். பின்பக்கம் வீணாப் போற சத்தத்தைக் குழாய் வாங்கி முன்னாடி தள்ளும். ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். பெட்டி பெருசாப் போனா சத்தம் கீழ எறங்கிடும், அடி விழாது. சிறுசாப் போனா ஒரே இடத்துல கத்தும்."

புரிந்தது. நாற்பது வருஷத்தில் அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்ன சில விஷயங்களில் இது ஒன்று.

ஸ்பீக்கரோடு வந்த காகிதத்தைப் பார்த்து, குழாயும் ஸ்பீக்கரும் அடைக்கிற இடத்தையும் சேர்த்து, பெட்டி உள்ளே நூற்றிருபது லிட்டர் என்றார். நான்கு இஞ்சு குழாய் இரண்டு, ஏழு இஞ்சு நீளம். அதுவரை சரி.

பலகையில் ஆரம்பித்தது தகராறு.

"யக்கா, பண்ருட்டி பலா மரம் இருக்குது, நல்லா காய்ஞ்சது. ஒரு வீட்டு நிலைக்கு வாங்கி மீந்தது. மிருதங்கமே அதுலதான் கடையறான். நம்ம பெட்டி அதுல செஞ்சா எப்படிப் பாடும்?" என்றான் தம்பி.

"பெட்டி எதுக்குப் பாடணும்? பாடறது ஸ்பீக்கரு. பெட்டி பொணம் மாதிரி ஆடாம கெடக்கணும். முக்கால் இஞ்சு பிளைவுட்டு, உள்ள குறுக்குக் கட்டை. சொல்லு அவங்கிட்ட," என்றார் இவர்.

கல்யாணத்துக்குச் செய்கிற பெட்டியைப் பிணம் என்றதை நான் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னேன். பிளைவுட் என்று முடிந்தது. பலாக்கட்டை பட்டறை மூலையிலேயே கிடந்தது. கலியன் போகும்போதும் வரும்போதும் அதைத் தடவிவிட்டுப் போனான்.

அடுத்தது அளவு. எங்கள் வண்டி குட்டி யானை, சின்ன லோடு வண்டி. முன்பக்கம் ஜெனரேட்டர் இருப்பதால் பெட்டியின் முதுகு சாய்வாக இருந்தால்தான் ஏறும். சாய்வு என்று வந்ததும் கணக்கு இரண்டு பேருக்கும் இரண்டாக வந்தது. இவர் உள்ளளவு பிடித்தார், அவன் வெளியளவு பிடித்தான். இவர் சென்டிமீட்டர், அவன் இஞ்சு. இடையில் குறுக்குக் கட்டைக்கு எவ்வளவு கழிப்பது என்று ஒரு சண்டை. எல்லாம் என் வாய் வழியாக. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "பதினேழே முக்கால்னு சொல்றாரு, இல்ல பதினெட்டேகால்னு சொல்றான்" என்று எத்தனை நாள் ஒருத்தி சொல்லிக்கொண்டிருப்பாள்?

மூன்றாம் நாள் போனையும் அரிவாள்மணையையும் கீழே வைத்தேன்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. லிட்டர்னா என்னா? கொள்ளுற அளவுதான? நான் அளந்து தரேன்."

லாபம், ரெண்டு, மூணு

என்னிடம் ஒரு இரும்புப் படி இருக்கிறது. எங்கள் அம்மா எனக்குச் சீரோடு கொடுத்தது. விளிம்பு தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னும். அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். லிட்டர் பாட்டிலில் ஒன்று போய், இன்னொன்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய், விளிம்பில் நின்றது. வீட்டுக்காரர் வகுத்துப் பார்த்தார்.

"எழுபத்தஞ்சு படி," என்றார்.

படியைத் துணிப்பையில் வைத்து மடியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை கண்டக்டர் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். "குண்டா மாதிரி இருக்குதே, என்னாம்மா அது?" என்றார். "ஸ்பீக்கர் பெட்டி அளக்கறதுக்கு," என்றேன். அப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை.

தம்பி பெட்டியின் முதுகையும் நான்கு பக்கத்தையும் அடித்து, குறுக்குக் கட்டையும் போட்டு, முகப்பு இல்லாமல் வைத்திருந்தான். பக்கப் பலகைகளை வேண்டுமென்றே கொஞ்சம் உயரமாக விட்டிருந்தான். பெட்டியை முதுகு கீழே இருக்கும்படி மல்லாக்கப் போட்டு மட்டம் பார்த்து வைத்தோம். எழுபத்தைந்து படி நெல் கொட்டி, நெல் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே கோடு. கோட்டில் அறுத்து முகப்புப் பலகை. சாய்வும் இல்லை கழிவும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. இதைவிட நேர்மையான கணக்கு உண்டா?

தம்பி மனைவி வசந்தா நெல் மூட்டையைப் பிரித்தாள். நான் அளந்து கொட்டினேன், அவள் எண்ணினாள். எங்கள் பக்கத்தில் முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் ஆரம்பிப்போம்.

"லாபம். ரெண்டு. மூணு..."

தூசியில் எனக்கு இருமல். அவளுக்குத் தும்மல். ஐம்பத்தி நாலா ஐம்பத்தி அஞ்சா என்று ஒரு இடத்தில் சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் அள்ளிவிட்டு முதலிலிருந்து அளந்தேன். தம்பி, "ஒரு படிதானக்கா, விடு," என்றான். விடுவேனா நான்? இரண்டாவது முறை சுத்தமாக எழுபத்தைந்து. கோடு கிழித்தான். அறுத்தான். முகப்பு அடித்தான்.

அப்படிச் செய்த பெட்டியில்தான் பொரி முப்பத்தாறில் போய் உட்கார்ந்தது.

முதுகைக் காட்டி நின்ற இரண்டு பேர்

பொரி உட்கார்ந்த மறுநாள் காலையில் பெட்டியைக் குட்டி யானையில் ஏற்றச் சொன்னேன். "நீங்களும் ஏறுங்க," என்றேன்.

"நான் எதுக்கு? அவன் பட்டறைக்கு நான் வரமாட்டேன்."

"வரலன்னா புதுச்சேரிக்காரன் வருவான். அவன் செட்டுக்கு முன்னால நாற்காலி போட்டு உட்காருங்க."

ஏறினார்.

பட்டறையில் இறங்கினதும் அவர் தெருவைப் பார்த்து நின்றார். கலியன் சுவரைப் பார்த்து நின்றான். நடுவில் நான்கு அடி தூரம்கூட இல்லை.

"பெட்டியப் பிரிக்கச் சொல்லு," என்றார் இவர்.

"பிரிக்கறேன்னு சொல்லு. உள்ள குழாய அளக்கச் சொல்லு," என்றான் அவன்.

நான் எதையும் சொல்லவில்லை. காது கேட்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் எதற்கு? முகப்பைக் கழற்றினார்கள். குழாயை அளந்தார்கள். ஏழு இஞ்சு. மயிரிழை பிசகில்லை. தம்பியின் கோட்டை அளந்தார்கள். அறுத்ததும் கோட்டிலேயேதான்.

இரண்டு பேர் முகமும் தொங்கிவிட்டது. ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போட முடியவில்லை என்றால் ஆண்களுக்கு எவ்வளவு வருத்தம் பாருங்கள்.

"அப்ப இன்னொரு தடவ அளந்து பாத்துடலாம்," என்றேன். "வசந்தா, மூட்டைய எடு."

"லாபம்," என்றாள் வசந்தா. "ரெண்டு. மூணு."

அவர் தெருவை, இவன் சுவரை. ஏழாவது படியோ எட்டாவது படியோ, பீடி பற்றவைக்கத் திரும்பின எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பார்த்தார். தீக்குச்சி விரல் வரை எரிந்தது. உதறிவிட்டு அப்படியே நின்றார்.

"மச்சான்," என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. ஐந்து வருஷம்.

"மச்சான், இங்க வந்து பாரு. உங்க அக்கா படிய எப்படி அளக்கறான்னு பாரு."

கலியன் திரும்பினான். பார்த்தான். என் கையில் படி. படியின் மேல் நெல் கோபுரமாகக் குவிந்து, இன்னும் ஒரு மணி வைத்தால் சரிந்துவிடும் என்று நின்றது.

"அட ஆமாம் மாமா. குமிச்சில்ல அளக்குது."

"தண்ணி ஊத்தி லிட்டர் பாத்தப்ப விளிம்பு மட்டும்தான் நின்னுது."

"தண்ணி எப்படி மாமா குமியும்?"

"அதான் மச்சான். எழுபத்தஞ்சுக்கும் எழுபத்தஞ்சு கோபுரம்."

கலியன் ஒரு பட்டைக் கட்டையை எடுத்துப் படியின் தலையைத் தட்டினான். படிக்குப் படி தட்டின நெல்லைச் சேர்த்து வைத்தான். பத்துப் படிக்கு இரண்டு படி மீந்தது. அவர் விரல்விட்டு எண்ணினார். "பதினஞ்சு படி ஜாஸ்தி. அதான் நாலு தள்ளிப் போயிருக்குது." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் படியை நங்கென்று வைத்தேன்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. பொறந்த வீட்டுல கல்யாணம், அதுக்கு அளக்கும்போது படியத் தலை தட்டச் சொல்றீங்களா? எங்க அம்மா யாருக்காவது தலை தட்டி அளந்து நீ பாத்திருக்கியாடா?"

"இல்லக்கா. ஆனா இது யாருக்கும் போடற நெல்லு இல்ல, பெட்டி."

"பெட்டி யாருக்கு? உன் பொண்ணுக்குத்தான?"

என் கையிலிருந்து படியை வாங்கி வசந்தாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஐம்பது வருஷமாக அளக்கிறவளிடமிருந்து படியை வாங்குகிறார்கள்.

"பதினஞ்சு படி எடத்தை உள்ள அடைக்கணும்," என்றார் அவர். "ஆடாத பொருளா இருக்கணும். கெட்டி மரமா."

கலியன் மூலையைப் பார்த்தான். பலாக்கட்டை கிடந்தது. அவரும் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"சரி, உன் பலாவையே போடு. பசையும் போடணும், திருகும் போடணும். துளி ஆடக்கூடாது."

"ஆடாது மாமா."

துண்டு துண்டாக அறுத்து, இழைத்து, உள் சுவரோடு பொருத்தினான். வெளியே தெரியாத இடத்துக்கு எதற்கு இழைப்பு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பட்டறை முழுக்க மஞ்சள் தூள். வசந்தா தலைதட்டித் தலைதட்டி அளந்து, எழுபத்தைந்தில் நெல் விளிம்புக்கு வந்தது.

முகப்பை மாட்டி, மல்லாக்கப் போட்டு, பொரி வைத்தார்கள். நாற்பதுக்கு ஒரு இழை கீழே அடங்கியது.

"குழாயில அரை இஞ்சு எடுத்துடலாமா?"

"கால் போதும் மாமா."

"காலுக்கெல்லாம் தெரியாது மச்சான்."

"எடுத்துட்டா ஒட்ட முடியாது மாமா. காலே எடுப்போம்."

"நீ எப்பவும் இப்படித்தான்."

"நீங்க எப்பவும் அப்படித்தான்."

நான் வெளியே வந்து மரக்குவியல் மேல் உட்கார்ந்து வசந்தா கொடுத்த டீயைக் குடித்தேன். உள்ளே சண்டை நடந்துகொண்டே இருந்தது. ஒருத்தரும் "சொல்லு அவங்கிட்ட" என்று என்னைக் கூப்பிடவில்லை.

நெஞ்சில் கை வைத்தாள்

கல்யாணத்துக்கு ஏழு நாள் இருந்தபோது போட்டுக் காட்டினோம். கலியன் பட்டறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். புதுச்சேரிக்குப் போன் போகவில்லை.

முகூர்த்த நாள் காலையில் சிதம்பரத்து மண்டபத்தில் எங்கள் பெட்டி மேடைக்குப் பக்கத்தில் நின்றது. தவிலுக்கு மைக் வைத்திருந்தார்கள். முதல் அடி விழுந்ததும் எனக்குக் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் தட்டியது. மணமேடையில் பவித்ரா தலையை நிமிர்த்தி என்னைத் தேடினாள். மாலைக்குள் கையை விட்டு நெஞ்சில் வைத்துக் காட்டினாள். ஓரகத்திகள் இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டிய அவசியமில்லை.

நடுவில் கலியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் செட் இருந்த மேசைக்கு வந்தான். கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். எல்லாரும் அவன் கையைத்தான் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும்.

குனிந்து அவர் காதில் கத்தினான். "மாமா, இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?"

"வேணாம் மச்சான். பக்கத்துல வீடு இருக்குது," என்றார்.

மறுவீடு முடிந்து நாங்கள் கடலூர் கிளம்பினோம். எனக்குக் கொடுத்தனுப்ப வசந்தா அரிசி மூட்டையைப் பிரித்தாள். என் படிதான். அள்ளினாள். பெட்டிக்கு அளந்த பழக்கத்தில் அவள் விரல் விளிம்பைத் தட்டப் போய்விட்டது. அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தாள். விரலை எடுத்துக்கொண்டு, இன்னொரு கை அள்ளி மேலே வைத்தாள். கோபுரமாக நின்றது.

"லாபம்," என்றாள்.

மாமாவும் மச்சானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது தலை தட்டச் சொல்லுங்களேன் பார்க்கலாம் என்று நானும் அவர்களைப் பார்த்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.